களைப்புக்கு மூன்று சொல்

"எந்தச் சொல்லை எழுதினால் ஆள் சாகமாட்டான்?" என்று கேட்டான் கொற்றன்.

பிக்குணி லியென் மை அரைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எந்த ஆள்?"

"நாளைக்கு நான் யார் பெயரை எழுதுகிறேனோ, அந்த ஆள்."

கை நின்றது.

"உங்களையா எழுத்தனாகப் போட்டிருக்கிறார்கள்?"

"ஆமாம் அம்மா."

லியென் மைக்கல்லைத் தள்ளிவைத்தார்.

*

கொற்றன் நாகப்பட்டினத்துக்காரன். வணிகர்களுக்குப் பேச்சை மாற்றிச் சொல்லும் துபாஷியாகக் கப்பலில் வந்தவன். சீனக் கரைக்கு ஒரு நாள் தூரம் இருக்கும்போது கப்பல் உடைந்தது. பலகை ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கரை ஒதுங்கினான். ஊர் திரும்ப வழி கிடைக்கவில்லை. அப்படியே நான்கு வருடம் போய்விட்டது.

அந்த நாட்டுப் பேச்சு அவனுக்குத் தெரியும். எழுத்துத் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் ஆற்றோரத்து மேட்டில் இருந்த சின்னப் பெண்துறவிகள் மடத்துக்கு வந்துபோனான். லியென் அவனைவிடப் பதினைந்து வயது இளையவர். ஐம்பதைத் தாண்டிய சீடன் அவன்.

முன்னூறு எழுத்துவரை வந்திருந்தது.

அந்த வருடம் வெள்ள மாதத்துக்கு முன்னால் ஆற்றங்கரையை உயர்த்த வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அதிகாரி ஊர் ஊராக ஆள் பிடித்தார். ஐந்நூறு பேர். பத்துப் பேருக்கு ஒரு தலைவன். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கூடையில் மண் சுமக்க வேண்டும்.

யாராவது கூடையை இறக்கிவைத்து உட்கார்ந்தால், எழுத்தன் ஒரு மூங்கில் பட்டையில் அவன் பெயரை எழுத வேண்டும். பெயருக்குக் கீழே ஒரே ஒரு சொல். அவன் ஏன் உட்கார்ந்தான் என்பதற்கான சொல்.

முன்பிருந்த எழுத்தன் ஒரு கூட்டம் முழுவதற்கும் 'உழைத்துக் களைத்தார்கள்' என்று எழுதினான். அந்தக் கூட்டத்தில் அவன் மைத்துனன் இருந்தது பிறகு தெரியவந்தது. எழுதின கையை வெட்டினார்கள். மூன்றாம் நாள் செத்துப்போனான்.

"இந்த ஊரில் உறவுக்காரன் என்று ஒருவரும் இல்லாதவன் யார்?" என்று அதிகாரி கேட்டார்.

எல்லா விரலும் கொற்றனைக் காட்டின.

*

லியென் ஒரு தாளை விரித்தார். முதல் எழுத்தை எழுதினார்.

"இது லாவ். மேலே இரண்டு தீ. நடுவில் கூரை. அடியில் வலிமை. உழைத்துக் களைத்தவன்."

"இவனை என்ன செய்வார்கள்?"

"ஒரு நாழிகை உட்காரவிடுவார்கள்."

இரண்டாவதை எழுதினார்.

"இது பீ. நோயாளியின் படுக்கை. அதில் வெறும் தோல். உடம்பு விட்டுப்போனவன்."

"இவனை?"

"நோய்க் கொட்டகைக்கு அனுப்புவார்கள். மூன்று நாள்."

மூன்றாவதை எழுதிவிட்டுத் தூரிகையைக் கீழே வைத்தார்.

"இது தாய். அடியில் இருப்பது நெஞ்சு. உடம்பில் தெம்பு இருக்கிறது, நெஞ்சு தளர்ந்துவிட்டது. சோம்பிப்போனவன்."

"இவனை?"

"இவனை ஒன்றும் செய்யமாட்டார்கள். இவன் கூட்டத்துத் தலைவனின் கழுத்தை வெட்டுவார்கள்."

கொற்றன் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கள் ஊரில் தாய் என்றால் பெற்றவள், அம்மா."

கொற்றன் நிமிர்ந்தான்.

"வேறு சொல்லே கிடையாதா? எங்களுக்குக் களைப்பு வேறு, அலுப்பு வேறு, சலிப்பு வேறு, அயர்ச்சி வேறு. 'அலுப்பாக இருக்கிறது' என்று ஒருவன் சொன்னால் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்கள். யார் தலையையும் கேட்கமாட்டார்கள்."

"எங்களுக்கும் நிறைய இருக்கின்றன," என்றார் லியென். தாளின் ஓரத்தில் ஒன்றை எழுதினார். "இது ஜுவென். ஒரு மனிதன். பக்கத்தில் ஏதோ சுருண்டு கிடக்கிறது. செய்ததையே செய்து செய்து மனம் சலித்தவன்."

"இவனுக்கு என்ன தண்டனை?"

"சட்டத்துக்கு இவனைத் தெரியாது. சட்டத்தில் மூன்றுதான்."

கொற்றன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். குளிர்காலம் முடிந்திருக்கவில்லை. ஆனாலும் வியர்த்தது.

"பார்த்தால் எப்படித் தெரியும் அம்மா? லாவ் வந்தவனும் தாய் வந்தவனும் ஒரே மாதிரிதானே உட்கார்ந்திருப்பார்கள்?"

"நீங்கள் எங்கே நின்று பார்ப்பீர்கள்?"

"மேடையில். கரையிலிருந்து நாற்பது அடி தள்ளி."

லியென் ஒரு தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார். முற்றத்தின் கடைசிச் சுவர்வரை நடந்தார். அங்கே நின்று, முதுகு காட்டி ஏதோ எழுதுவதுபோலத் தெரிந்தது. திரும்பித் தாளை உயர்த்திப் பிடித்தார்.

"படியுங்கள்."

கொற்றன் கண்ணை இடுக்கினான்.

"லாவ்."

"சரியாகப் பாருங்கள்."

"இல்லை, பீ. பீதான்."

லியென் திரும்பி வந்து தாளை அவன் மடியில் வைத்தார்.

வெறும் தாள். அதில் ஒன்றுமே இல்லை.

"மேடையை விட்டு இறங்கக் கூடாது அம்மா," என்றான் கொற்றன். "இறங்கினால் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டான் என்பார்கள்."

லியென் மறுபடியும் மை அரைக்க உட்கார்ந்தார்.

*

மேடைக்குக் கீழே ஒரு மரக்கட்டை கிடந்தது. அதன்மேல்தான் முன்பிருந்த எழுத்தனின் கையை வைத்து வெட்டியிருந்தார்கள். நன்றாகக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈ மட்டும் போகவில்லை.

முதல் நாள் முழுவதும் கொற்றன் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றான். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஆட்கள் உட்கார்ந்தார்கள். எழுந்தார்கள். ஒரு கிழவர் கூடையோடு குப்புற விழுந்தார். கொற்றன் 'பீ' என்று எழுதினான். ஒருவன் தோளில் தோலுரிந்து ரத்தம் கசிய உட்கார்ந்தான். 'லாவ்' என்று எழுதினான். இன்னொருவன் எந்தக் காரணமும் தெரியாமல் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தான். கொற்றன் தூரிகையைத் தூக்கியபடி வெகுநேரம் நின்றான். அவனுக்கும் 'லாவ்' என்றே எழுதினான்.

பொழுது சாயும்போது துணை அதிகாரி பெய் வந்து பட்டைகளை எண்ணினார். அவர் சத்தம் போட்டுப் பேசும் மனிதர் அல்ல.

"பதினேழு லாவ். நாலு பீ."

"ஆமாம் ஐயா."

"தாய் ஒன்றுகூட இல்லை."

கொற்றன் வலது கையைச் சட்டைக்கைக்குள் இழுத்துக்கொண்டான்.

"வேலை பத்து நாள் பின்தங்கிவிட்டது," என்றார் பெய். "அதிகாரி தலைநகருக்குப் பதில் எழுத வேண்டும். ஐந்நூறு பேரில் ஒரு சோம்பேறிகூடவா இருக்கமாட்டான்?"

"எனக்குத் தெரியவில்லை ஐயா."

"நாளைக்கு நன்றாகப் பாருங்கள்."

பட்டைகளை அடுக்கிக் கட்டினார். போகிறபோக்கில் கால் நுனியால் அந்த மரக்கட்டையை நேராக்கி வைத்துவிட்டுப் போனார்.

*

"அவர்களுக்கு ஒரு தலை வேண்டுமாம்," என்றான் கொற்றன்.

மடத்து வாசலிலேயே நின்றிருந்தான். உள்ளே வரவில்லை. மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது.

"உங்களுக்கு?" என்றார் லியென்.

"எனக்கு என் கை வேண்டும்."

சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

லியென் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். அவன் அதைக் குடிக்காமல் வாசற்படியில் வைத்தான்.

"யார் பெயரையாவது எழுதிவிடட்டுமா அம்மா? எனக்கு இங்கே எவனையும் தெரியாது. தெரியாதவன் பெயர்தானே?"

லியென் கிண்ணத்தைச் சுவரோரம் நகர்த்தினார்.

"எழுதக் கூடாது என்று சொல்லுங்கள். சொன்னால் எழுதமாட்டேன். நீங்கள் சொன்னதாக இருக்கட்டும்."



அவனுடைய புல்செருப்பு வாசலில் கிடந்தது. ஒன்றில் கயிறு தளர்ந்திருந்தது. லியென் குந்தி உட்கார்ந்து அந்தக் கயிற்றை அவிழ்த்து, இழுத்து, இறுக்கி முடிச்சுப் போட்டார். பிறகு இரண்டு செருப்பையும் ஆற்றைப் பார்க்கத் திருப்பிவைத்தார்.

"மேடையில் சும்மா நிற்கிறவனுக்குச் செருப்பு எதற்கு?" என்றான் கொற்றன் கசப்பாக.

லியென் எழுந்து உள்ளே போனார். கதவு மூடியது.

*

மறுநாள் அதிகாரியே வந்துவிட்டார். மேடையில் குடை பிடித்தார்கள். குதிரையைப் பின்னால் கட்டியிருந்தார்கள்.

ஆறு உயர்ந்திருந்தது. கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் நகரும் சத்தம் மேடைவரை கேட்டது.

முற்பகலில் அது நடந்தது.

ஒரு கூட்டம் முழுவதும், பத்துப் பேரும், ஒரே நேரத்தில் கூடையை இறக்கிவைத்தார்கள். கரைச் சரிவின் பாதியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பாங் என்பவனின் கூட்டம் அது. மண் எடுக்கும் பள்ளம் கரையின் அடிவாரத்தில் இருந்தது. அதற்குள் இறங்க மறுத்து உட்கார்ந்திருந்தார்கள்.

காவலன் பிரம்போடு கத்தினான். யாரும் எழவில்லை.

அதிகாரி கொற்றனைத் திரும்பிப் பார்த்தார்.

"எழுது."

பெய் ஒரு பட்டையை எடுத்து நீட்டினார். பாங்கின் பெயரை அவரே அதில் எழுதிவைத்திருந்தார். கீழே ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

கொற்றன் தூரிகையை மையில் தோய்த்தான். ஒரு சொட்டு அவன் காலில் விழுந்தது.

சரிவைப் பார்த்தான்.

களைத்தவன் காலை நீட்டிப் போடுவான். நேற்று முழுவதும் அதைத்தான் பார்த்தான். இவர்கள் பத்துப் பேரும் காலை இழுத்து மடக்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. பத்துப் பேரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுது," என்றார் அதிகாரி மறுபடியும்.

கொற்றன் மேடையிலிருந்து இறங்கினான்.

"ஏய் பரதேசி! எங்கே போகிறாய்?"

அவனுக்குக் காது அடைத்துவிட்டது. மரக்கட்டையைத் தாண்டினான். நடந்தான். ஒவ்வோர் அடிக்கும் முதுகில் ஏதோ வந்து பாயப்போகிறது என்றே நினைத்தான். பாயவில்லை. பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு சரிவில் ஏறி பாங்கின் முன்னால் போய் நின்றான்.

பாங் முப்பது வயது ஆள். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"களைப்பா?" என்றான் கொற்றன்.

"இல்லை ஐயா."

"உடம்புக்கு முடியவில்லையா?"

"இல்லை."

"பிறகு?"

பாங் மேடையைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"தாய் என்றே எழுதிவிடுங்கள் எழுத்தரே."

"அப்படி எழுதினால் உன் கழுத்து."

"தெரியும். என் கழுத்தோடு முடியும்."

"புரியவில்லை."

"'கரை உடையும்' என்று எவன் வாயால் சொல்கிறானோ, அவன் கூட்டம் முழுவதையும் வெட்டுவார்கள். ஊரைக் கலைக்கிறான் என்று. போன வருடம் மேல்கரையில் அப்படித்தான் செய்தார்கள்." அவன் வரிசையைத் திரும்பிப் பார்த்தான். "இவர்களில் இரண்டு பேர் என் தம்பிகள். சோம்பல் என்றால் நான் மட்டும் போவேன். அதுவரையாவது இவர்கள் அந்தப் பள்ளத்தில் இறங்க வேண்டியிருக்காது."

கொற்றன் திரும்பிப் பள்ளத்தைப் பார்த்தான். இறங்கினான். அடிவாரத்தில் கரையின் ஓரமாக ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. கொதிக்கிற கஞ்சிபோல மெல்ல மெல்லக் கொப்பளித்தது. அவன் குனிந்து உள்ளங்கையில் அள்ளினான்.

தண்ணீர் கலங்கலாக இருந்தது. விரல்களுக்கிடையே வடிந்துபோன பிறகு கையில் மணல் நின்றது.

கரை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருந்தது. கப்பலில் வாழ்ந்தவனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.



*

மேடைக்குத் திரும்பி வந்தான். பெய் இன்னும் பட்டையை நீட்டியபடியே நின்றிருந்தார்.

"என்ன சொல்?" என்றார் அதிகாரி.

"தெரியவில்லை ஐயா."

"மூன்றில் ஒன்று."

"நான் வெளியூர்க்காரன். எழுத்து இப்போதுதான் பழகுகிறேன்." தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நீங்களே வந்து அங்கே கொஞ்சம் கை வைத்துப் பார்த்துவிட்டு எந்தச் சொல் என்று சொல்லுங்கள். அப்படியே எழுதுகிறேன்."

பிரம்பு வைத்திருந்த காவலன் கையைக் கீழே போட்டான்.

அதிகாரி கொற்றனின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மேடையிலிருந்து இறங்கி நடந்தார். குடைக்காரன் பின்னாலேயே ஓடினான்.

முப்பது அடி நடந்திருப்பார். அவர் மிதித்த இடத்தில் தரை ஈரப் பஞ்சுமெத்தைபோல அமுங்கியது. காலணி புதைந்தது. நின்றுவிட்டார்.

குனிந்து காலைப் பார்த்தார். நிமிர்ந்து கரையைப் பார்த்தார்.

காலைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு திரும்பினார். முதலில் நடந்தார். பிறகு வேகமாக நடந்தார். குதிரையின் கயிற்றைத் தானே அவிழ்த்து, ஏறி, மலைப்பக்கம் விரட்டிக்கொண்டு போய்விட்டார். குடைக்காரன் குடையோடு அங்கேயே நின்றான்.

ஐந்நூறு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"மேட்டுக்கு!" என்று கத்தினான் கொற்றன். "மடத்து மேட்டுக்கு ஓடுங்கள்!"

கூடைகள் உருண்டன. வழியில் இருந்த வீடுகளின் கதவையெல்லாம் தட்டிக்கொண்டு ஓடினார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டார்கள்.

உச்சிவேளைக்குச் சற்று முன்னால் கரை திறந்துகொண்டது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. யாரோ நீளமாக மூச்சுவிட்டதுபோல இருந்தது. பிறகு வயலும் இல்லை, மேடையும் இல்லை.

*

மடத்து முற்றம் கொள்ளவில்லை. சுவரோரம், படிக்கட்டு, கோயில் கூடம் எங்கும் ஆட்கள். துறவிகள் பெரிய பானைகளில் கஞ்சி வைத்தார்கள். எண்ணிப் பார்த்ததில் பதினோரு பேர் வந்துசேரவில்லை.

பிற்பகலில் பெய் வந்தார். மார்புவரை சேறு. அவரிடம் பட்டைக் கட்டு இருந்தது. எப்படியோ அதை நனையாமல் கொண்டுவந்திருந்தார்.

கொற்றன் எழுந்து நின்றான். பாங்கும் எழுந்தான்.

"அதிகாரி?" என்று கேட்டான் கொற்றன்.

"வரமாட்டார். வந்தால் தலைநகரில் அவரைத்தான் கேட்பார்கள்."

பெய் பட்டைகளுக்கிடையிலிருந்து பாங்கின் பட்டையை உருவினார். பெயருக்குக் கீழே வெற்றிடமாக இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பாங்கைப் பார்த்தார். அவன் தம்பிகள் இரண்டு பேரும் அவன் காலடியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் வெள்ளத்தோடு போய்விட்டது என்று எழுதிக்கொள்கிறேன்," என்றார்.

கஞ்சிப் பானை அடியில் எரிந்த நெருப்பில் பட்டைக் கட்டு முழுவதையும் போட்டார். அது எரிந்து முடியும்வரை நின்றார். பிறகு அங்கேயே ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவுடன் வாய் திறந்து தூங்கிப்போனார்.

பாங் கொற்றனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். பிறகு தம்பிகளின் பக்கத்தில் போய்ப் படுத்தான்.

*

கொற்றனுக்குத் தூக்கம் வரவில்லை. கோயில் பின்பக்கம் லியென் தனியாக நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போனான்.

"எல்லாம் முடிந்துவிட்டது அம்மா. எல்லோரும் தூங்குகிறார்கள். எனக்கு மட்டும் ஏன் இன்னும் பயமாக இருக்கிறது?"

லியென் திரும்பவில்லை.

"பதினோரு பேர் யார் யார் என்று தெரிந்ததா?"

"இரண்டு பேர் பெயர் தெரிந்தது. மற்றவர்கள் ஊருக்குள் இருந்தவர்களாம்."

லியென் ஒரு குச்சியை எடுத்தார். ஈர மண்ணில் ஒரு கட்டம் போட்டார். கட்டத்துக்குள் ஒரு மரம்.

இந்த எழுத்தை அவன் இதுவரை பார்த்ததில்லை.

"இது என்ன?"

"குன்."

"களைப்பா?"

"களைப்புத்தான். இனி ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாத களைப்பு. நாலு பக்கமும் அடைபட்டு நிற்பவனுக்கும் இதே எழுத்துதான்."

கொற்றன் குனிந்து பார்த்தான். சுற்றிலும் கோடு. நடுவில் கிளை விரிக்க இடமில்லாத மரம்.

"இது என்னுடையதா அம்மா?"

"இல்லை."

"பாங்குடையதா?"

"இல்லை."

லியென் குச்சியைக் கீழே போட்டார். அப்போதுதான் கொற்றன் அவர் முகத்தைப் பார்த்தான். கண்கள் வீங்கியிருந்தன.

"ஆறு நாளைக்கு முன்னால் துணி துவைக்கக் கரையடிக்கு இறங்கினேன்," என்றார் லியென். "கால் வைத்த இடத்தில் மணல் கொப்பளித்தது. மேலே வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை."